எச்டிஎம்ஐ கேபிள் கழன்றுகொண்டே இருக்கிறதா? கேபிளை மாற்றும் முன் பாரத்தைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாக எடுத்து எழுதிக்கொள்கிறேன். 55 அங்குல டிவியை, முன்னால் இழுத்துத் திருப்பக்கூடிய கை வைத்த ஸ்டாண்டில் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், பிளேஸ்டேஷன் 5 மூன்றும் எச்டிஎம்ஐ (படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) வழியாகப் போகின்றன. நடுநடுவே படமும் சத்தமும் இரண்டு மூன்று விநாடி காணாமல் போய்த் திரும்புகின்றன. கேபிளைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் சரியாகிறது, சில நாளில் மறுபடியும் ஆரம்பிக்கிறது. தங்கமுலாம் பூசிய விலை அதிகமான கேபிள் வாங்கலாமா, பூட்டு வைத்த பிளக் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, அடுத்த அறையில் ப்ரொஜெக்டர் போட சுவருக்குள் பைப் விடப் போகிறீர்கள்.

கேபிளைத் தொட்டால் சரியாகிறது என்று நீங்கள் சொன்னதே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. இப்போதைக்குப் புதுக் கேபிள் வாங்காதீர்கள். கேபிளின் எடையும் இழுப்பும் டிவியின் போர்ட் (பிளக்கைச் செருகும் வாய்) மேல் விழாதபடி செய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். என் அனுபவத்தில் வீடுகளில் வரும் எச்டிஎம்ஐ தொல்லையில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களில் நீலநிற விஜிஏ பிளக் இருக்குமே, அதற்கு இரண்டு பக்கமும் கையால் திருகும் ஸ்க்ரூ உண்டு. அதற்குப் பின் வந்த டிவிஐ பிளக்கிலும் உண்டு. ஸ்டுடியோக்களில் பயன்படும் பிஎன்சி பிளக் திருகினால் பூட்டிக்கொள்ளும். 2002 டிசம்பரில் சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி, சிலிக்கான் இமேஜ் உள்ளிட்ட ஏழு நிறுவனங்கள் சேர்ந்து எச்டிஎம்ஐயைக் கொண்டுவந்தபோது, வீட்டில் இருக்கும் யாரும் சுலபமாகச் செருகி எடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அதனால் ஸ்க்ரூ போய்விட்டது. கார்களுக்கென்று பின்னால் வந்த ஈ வகை எச்டிஎம்ஐ பிளக்குக்குப் பூட்டு உண்டு. நம் வீட்டு டிவியில் இருக்கும் ஏ வகைக்கு இல்லை. போர்ட்டின் உலோகக் கூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடுகள் பிளக்கை அழுத்திப் பிடிக்கின்றன, அவ்வளவுதான் பிடிப்பு.

அந்தப் பிடிப்பு எவ்வளவு? இணைப்பான் தயாரிப்பவர்கள் தரும் கணக்குப்படி, ஒரு புது பிளக்கை நேராக இழுத்து எடுக்க 9.8 முதல் 39.2 நியூட்டன் வரை விசை வேண்டும். நம் கணக்கில் ஒரு கிலோவிலிருந்து நான்கு கிலோ எடை வரை. செருகிக் கழற்றுவதற்கான ஆயுள் 10,000 தடவை. தினமும் மூன்று தடவை கழற்றி மாட்டினாலும் ஒன்பது வருடம் வரும். எனவே 'அடிக்கடி கழற்றியதால் தேய்ந்துவிட்டது' என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் போர்ட்டைக் கெடுப்பது பக்கவாட்டு இழுப்பு. பிளக்கும் அதன் பின்னால் இருக்கும் ரப்பர் கழுத்தும் சேர்ந்து நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் கேபிள் தொங்கினால் அது நெம்புகோல்தான். உள்ளே 19 பின்கள் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு ஒன்றின் மேல் வரிசையாக இருக்கின்றன. டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் அவற்றின் கால்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. மாதக்கணக்கில் கீழே இழுபட்டால் முதலில் ஸ்பிரிங் தளரும், அப்புறம் நாக்கு சாயும், கடைசியில் ஈயம் விரிசல் விடும்.

பிளக் முழுவதும் கழன்று விழவே வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினாலே, அல்லது ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும். 18ஆம் பின் வழியாகப் பெட்டி, அதாவது செட்டாப் பாக்ஸோ பிளேஸ்டேஷனோ, 5 வோல்ட் அனுப்புகிறது. 'நான் இருக்கிறேன்' என்று டிவி பதில் சொல்வது 19ஆம் பின்னில். அந்தப் பதில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அறுந்தாலே, டிவியைக் கழற்றிவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். உடனே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிவி எந்த அளவுப் படங்களைக் காட்டும் என்ற பட்டியலை மறுபடி கேட்டு வாங்கும், திருட்டு நகலைத் தடுக்கும் எச்டிசிபி சோதனையை மறுபடி நடத்தும். நீங்கள் பார்க்கும் அந்த இரண்டு மூன்று விநாடி இருட்டு இதுதான். தொடர்பு அறுந்தது கண்ணிமைக்கும் நேரம், சமாதானப் பேச்சுக்கு ஆவது மிச்ச நேரம்.

ஆனால் எல்லா இருட்டும் இதனால் வருவதில்லை. கைவைக்கும் முன் பிரித்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நோய்க்கு இன்னொரு மருந்து சாப்பிட்ட கதையாகிவிடும். டிவியைத் திருப்பும்போது, கதவை அடித்துச் சாத்தும்போது, கேபிளைத் தொடும்போது போனால் அது பிடிப்புத் தகராறு. யாரும் தொடாமலே, அதுவும் கேம் ஆடும்போதோ 4கே படம் ஓடும்போதோ மட்டும் வெள்ளைப் புள்ளிகள் மின்னினால், அல்லது படம் விட்டுவிட்டு வந்தால், கேபிளால் அந்த வேகத்தைத் தாங்க முடியவில்லை. குழல் விளக்கை அணைக்கும்போதோ ஃப்ரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதோ போனால், கேபிளின் மேலுறைக் கவசம் மோசம் அல்லது வீட்டு எர்த்தில் கோளாறு. (கேஸ் லிஃப்ட் வைத்த ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்தால் மானிட்டர் இருண்டு போகும் விசித்திரமும் உண்மையிலேயே உண்டு. அதில் எழும் நிலைமின்சாரத் துடிப்பைக் கவசம் சரியில்லாத கேபிள் வாங்கிக்கொள்கிறது.)

இரண்டாவது வகையைக் கண்டுபிடிக்கக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. பிளேஸ்டேஷன் செட்டிங்ஸில் படத்தை 1080பி-க்கு இறக்குங்கள். 1080பி 60க்கு (விநாடிக்கு 60 படம்) விநாடிக்கு சுமார் 4.5 கிகாபிட் தகவல் போனால் போதும். 4கே 60க்கு 18 கிகாபிட்டை ஒட்டி வேண்டும். 4கே 120 அதையும் தாண்டிவிடும். இறக்கியதும் தொல்லை நின்றால் பிடிப்பில் பிரச்சினை இல்லை, கேபிளின் தரத்திலோ நீளத்திலோ பிரச்சினை. இறக்கிய பிறகும் தொட்டால் போய் வந்தால் பிடிப்புதான். 'இதே கேபிள் செட்டாப் பாக்ஸில் நன்றாக ஓடியதே' என்று பலர் குழம்புவது இதனால்தான். 1080i (வரிகளில் பாதியை மாறி மாறி அனுப்பும் வகை) படம் அனுப்பும் செட்டாப் பாக்ஸுக்கு விநாடிக்கு இரண்டேகால் கிகாபிட்டே போதும், எந்தக் கேபிளும் அதைச் சுமக்கும்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். டிவியையும் பெட்டிகளையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டு, கேபிளைக் கழற்றி, டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். நடுநாக்கு நேராக இருக்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு கேபிளை நேராகப் பிடித்து முழுவதும் செருகுங்கள். பிளக்கின் உலோகப் பகுதி கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே மறைய வேண்டும். மறையவில்லை என்றால் பெரும்பாலும் பிளக்கின் தடித்த பிளாஸ்டிக் தலை டிவியின் பின்பக்கக் குழிவில் இடிக்கும், அல்லது பக்கத்துப் போர்ட்டில் இருக்கும் இன்னொரு குண்டு பிளக் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஒரு போர்ட் விட்டு ஒரு போர்ட்டில் செருகுங்கள், அல்லது தலை மெல்லிதாக இருக்கும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். தீப்பெட்டி அட்டையை மடித்து பிளக்குக்கு அடியில் செருகும் வைத்தியம் மட்டும் வேண்டாம். அன்றைக்குச் சரியாகிவிடும், உள்ளே நாக்கு வளைந்துகொண்டே இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியமானது. பிளக்கிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிக் கேபிளை எங்காவது கட்ட வேண்டும், அதற்கு அப்பால் இருக்கும் எடை எல்லாம் அந்தக் கட்டில் நிற்க வேண்டும். எங்கே கட்டுவது என்பதில்தான் நிறையப் பேர், மாட்டிக்கொடுக்க வரும் ஆட்கள் உட்பட, கோட்டை விடுகிறார்கள். ஸ்டாண்டின் சுவர்ப் பக்கத்துத் தகட்டில் கட்டிவிடுகிறார்கள். டிவியை முன்னால் இழுக்கும்போது கட்டு சுவரிலேயே நிற்கும், போர்ட் நகரும், நடுவில் இருக்கும் கேபிள் விறைத்து பிளக்கைப் பிடுங்கும். உங்கள் டிவிக்கு அசையும் கை இருப்பதால் இதுதான் நடக்கிறது என்று எனக்குச் சந்தேகம். டிவி நகரும்போது எந்தத் தகடு கூடவே நகருமோ, அதில் கட்டுங்கள். டிவியின் முதுகில் திருகியிருக்கும் இரும்புப் பட்டை சரியான இடம். சில டிவிகளின் கால் பகுதியில் கேபிளைச் செருகவே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள், அதுவும் நல்லதுதான். முதுகில் வேறு ஸ்க்ரூ துளை காலியாக இருந்தால், அதே அளவு ஸ்க்ரூவில் ஒரு பிளாஸ்டிக் கிளாம்ப் மாட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூ நீளம் மட்டும் கவனம், நீளமாக இருந்தால் உள்ளே பேனலைக் குத்தும்.

முதல் கட்டுக்கு அப்புறம் கையின் கீலுக்குக் கீல் கேபிளை லேசாகக் கட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு கீலிலும் ஒரு வளையம் தொய்வு விடுங்கள். பிறகு டிவியை முழுவதும் இழுத்து, இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் முதல் கட்டுக்கும் பிளக்குக்கும் இடையில் இருக்கும் துண்டு தளர்வாகவே இருக்க வேண்டும். இருந்தால் வேலை முடிந்தது.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டைதான் நல்லது. எலக்ட்ரிக்கல் கடைகளில் டேக் என்று கேட்டால் தரும் பிளாஸ்டிக் கேபிள் டையைச் சிலர் பல்லால் கடித்து இழுக்காத குறையாக இறுக்குவார்கள். எச்டிஎம்ஐ கேபிளுக்குள் முறுக்கிய கம்பி ஜோடிகள் குறிப்பிட்ட இடைவெளியில் இருந்தால்தான் வேகம் தாங்கும். நசுக்கினால் அந்த இடத்தில் சிக்னல் எதிரொலிக்கும். டேக்தான் கையில் இருக்கிறது என்றால், கட்டிய பிறகு கேபிள் அதற்குள் முன்னும் பின்னும் நழுவும் அளவுக்கு லூஸாக விடுங்கள். பின்பக்கம் ஒட்டும் சின்ன கிளிப்புகளை நம்ப வேண்டாம். டிவி முதுகுச் சூட்டில், அதுவும் நம் ஊர் மே மாதத்தில், பசை இளகி ஒரு நாள் விழும். இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் கையெல்லாம் ஒட்டும் பிசின்தான் மிஞ்சும்.

கேபிளை மடக்கும்போதும் கவனம் வேண்டும். டிவிக்கும் சுவருக்கும் இடையில் இடமில்லை என்று கழுத்திலேயே செங்குத்தாக மடித்து அழுத்துவார்கள். வளையல் அளவுக்கு வட்டமாக வளைந்தால் பிரச்சினையில்லை, மோதிர அளவுக்கு மடிந்தால் உள்ளே கம்பி முறியும்.

இடமே இல்லை, போர்ட் சுவரைப் பார்த்து இருக்கிறது என்றால் செங்கோணப் பிளக் கைகொடுக்கும். இதில் இரண்டு வகை உண்டு, 90 என்றும் 270 என்றும் போட்டிருப்பார்கள். ஒன்று கேபிளைக் கீழே திருப்பும், மற்றது மேலே. உங்கள் போர்ட்டின் அகலப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைக்கு இரண்டு நடை. தனியாகக் கிடைக்கும் செங்கோண அடாப்டரைவிட, கேபிளின் முனையே செங்கோணமாக வார்த்து வருவதை வாங்குவது மேல். அடாப்டர் போட்டால் 19 தொடர்புகள் கூடுதலாகின்றன, தளர்வதற்கு இன்னொரு இடம். செட்டாப் பாக்ஸுக்கு அது தெரியாது, பிளேஸ்டேஷனின் 4கே 120க்குத் தெரியும்.

டிவியின் பக்கவாட்டில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். ஸ்டிக்கின் எடை, அதில் தொங்கும் யுஎஸ்பி வயரின் இழுப்பு, ஸ்டிக்கின் சூடு எல்லாம் போர்ட்டின் மேல்தான். அதனுடன் பெட்டியில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான நீட்டிப்பு வயர் வந்திருந்தால் தூக்கிப் போடாமல் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கை டிவி முதுகில் வெல்க்ரோவால் நிறுத்திவிடலாம்.

பூட்டு வைத்த பிளக் பற்றிக் கேட்டீர்கள். பிளக்கின் உலோகத்தில் சின்னப் பற்கள் இருக்கும், போர்ட்டின் கூட்டைக் கவ்வும், பொத்தானை அழுத்தினால் விடும். போர்ட்டுக்கு மேலேயே ஸ்க்ரூ துளை வைத்த கருவிகளும் சில உண்டு, அவற்றுக்கு ஏற்ற ஸ்க்ரூ பிளக்கும் கிடைக்கிறது. கூரையில் மாட்டிய ப்ரொஜெக்டருக்கு இவற்றை நான் தயங்காமல் சொல்வேன், ஏணி போட்டு ஏறிச் சரிசெய்வது யாருக்கும் பிடிக்காது. ஆள் நடமாடும் ஹால் டிவிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பூட்டில்லாத பிளக் ஒரு குழந்தையின் கால் பட்டால் கழன்றுவிடும், மறுபடி செருகிக்கொள்ளலாம். பூட்டிய பிளக் கழலாது. இழுப்பு அத்தனையும் போர்டுக்குப் போகும், அல்லது பிளேஸ்டேஷனே அலமாரியிலிருந்து கீழே வரும். மேலே சொன்னபடி கேபிளைக் கட்டிவிட்டால் பூட்டுக்கு அங்கே வேலையும் இல்லை.

தங்கமுலாமுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தொடர்பு முனைகளில் மெல்லிய தங்கப்பூச்சு சாதாரணக் கேபிளிலும் இருக்கும். துரு ஏறாமலிருக்க அது வேண்டும்தான். வெளியே தகதகவென்று தெரியும் தங்கநிறக் கூடு அலங்காரம். படம் அதனால் தெளிவாகாது.

கேபிள் வாங்கியே ஆக வேண்டும் என்றால் பெட்டியில் போட்டிருக்கும் 2.0, 2.1 எண்களைப் பார்க்காதீர்கள். அவை போர்ட்டுக்கான எண்கள், கேபிளுக்கு அப்படி எண் போடுவது முறையே இல்லை. கேபிளுக்கு உள்ளது வகைப் பெயர். பிரீமியம் ஹை ஸ்பீடு என்றால் 18 கிகாபிட், அல்ட்ரா ஹை ஸ்பீடு என்றால் 48 கிகாபிட். அல்ட்ரா வகைக்குப் பெட்டியில் ஸ்கேன் செய்யக்கூடிய ஒரு சான்று ஸ்டிக்கர் இருக்க வேண்டும். போனில் எச்டிஎம்ஐ நிறுவனத்தின் செயலியை இறக்கி ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று சொல்லிவிடும். அந்தப் பெயர் கேபிளின் மேலுறையிலும் அச்சாகியிருக்கும். உங்கள் பிளேஸ்டேஷனோடு வந்த கேபிளே அல்ட்ரா வகைதான், அதைச் செட்டாப் பாக்ஸுக்குப் போட்டுவிட்டு வேறு ஏதோ ஒன்றை கன்சோலுக்குப் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இது அடிக்கடி நடக்கிறது.

நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஆனால் தொய்வுக்கு இடம் விட்டு. செம்புக் கேபிள் அல்ட்ரா வேகத்தில் மூன்று மீட்டர் வரை நிம்மதி. ஐந்து மீட்டரில் சான்றுள்ளவை சில கிடைக்கும். குண்டான கேபிள் தரமானது என்று ஒரு நம்பிக்கை உண்டு, தூரத்துக்குக் கம்பி தடிமன் உதவும் என்பதும் உண்மைதான். ஆனால் ஒன்றரை மீட்டருக்குத் தடித்த, விறைப்பான, நைலான் பின்னல் போட்ட கேபிளை வாங்கினால் அதன் விறைப்பே போர்ட்டை நெம்பும். குறுகிய தூரத்துக்கு மெல்லிய, வளையக்கூடிய, சான்றுள்ள கேபிள்தான் என் தேர்வு.

இனி ப்ரொஜெக்டர். சுவரைக் காடி எடுக்கும் முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று. வீட்டு வயரிங்குக்குப் போடும் 20 அல்லது 25 மில்லிமீட்டர் பைப்பை எலக்ட்ரீஷியன் இதற்கும் கொண்டு வருவார். எச்டிஎம்ஐ பிளக்கின் உலோக முனை மட்டுமே 13.9 மில்லிமீட்டர் அகலம், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கோடு 20ஐத் தாண்டும். நேர்ப் பைப்பில் எப்படியோ நுழைந்தாலும் முதல் வளைவில் சிக்கிக்கொள்ளும். 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள், சுவர் தாங்கினால் 50. மூலைகளில் எல்போ வேண்டாம், பெரிய வட்டத்தில் வளையும் பெண்ட் போடச் சொல்லுங்கள். பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள். இன்னும் சில வருடத்தில் கேபிளை மாற்ற வேண்டிவரும், அப்போது அந்தக் கயிறு இருப்பவர் அதிர்ஷ்டசாலி. கேபிளைப் பைப் இல்லாமல் நேரே சிமென்ட் போட்டுப் பூசிவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 230 வோல்ட் கரண்ட் வயருக்கு எப்போதும் தனிப் பைப்.

பத்து மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால் செம்பை விட்டுவிட்டு, சிக்னலை ஒளியாக இழையில் அனுப்பும் ஃபைபர் எச்டிஎம்ஐ கேபிளுக்குப் போங்கள். மெல்லிதாக, எடையில்லாமல் இருக்கும், ப்ரொஜெக்டர் போர்ட்டில் பாரமே ஏறாது. சிலவற்றில் தலையைக் கழற்றி எடுத்துவிட்டால் ஆறு மில்லிமீட்டர் அகல மைக்ரோ எச்டிஎம்ஐ முனை மட்டும் இருக்கும், சின்னப் பைப்பிலும் போய்விடும். ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இது ஒருவழிப் பாதை: ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும், மாற்றிப் போட்டால் படம் வராது. பைப்பில் இழுத்து முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது பெரிய வேதனை. இரண்டாவது, முனைகளில் இருக்கும் சில்லுகள் அந்த 18ஆம் பின்னின் 5 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெட்டிகள் அதில் 55 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதுதான் பழைய விதி, அதனால் சில பெட்டிகளோடு தள்ளாடும். யுஎஸ்பி வழியாகத் தனி மின்சாரம் கொடுக்கும் வசதி உள்ள கேபிள் என்றால் பாதுகாப்பு. மூன்றாவது, இழுக்கும்போது பிளக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கயிற்றைக் கேபிளின் மேலுறையில் ஓரடி நீளத்துக்குச் சுற்றிக் கட்டி, அதைப் பிடித்து இழுங்கள், இன்னொருவர் மறுமுனையில் ஊட்டிவிட வேண்டும்.

எந்தக் கேபிளானாலும் பைப்புக்குள் போகும் முன் தரையில் விரித்துப் போட்டு, உங்களிடம் இருப்பதிலேயே உச்ச தரத்தில் ஒரு படத்தை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு கேட் 6 நெட்வொர்க் வயரையும் இழுத்து வையுங்கள், விலை கொஞ்சம்தான். எச்டிஎம்ஐ என்றைக்காவது காலை வாரினால், எச்டிபேஸ்டி பெட்டிகள் வைத்து அந்த வயரிலேயே படத்தை அனுப்பலாம். சுவரில் எச்டிஎம்ஐ சாக்கெட் வைத்த பிளேட் பார்க்க அழகுதான், ஆனால் அது இன்னொரு இணைப்பு. கேபிள் வெளியே வர ஓட்டை மட்டும் உள்ள பிளேட் போதும். ப்ரொஜெக்டர் முனையிலும் அதே விதிதான், கேபிளைக் கூரையில் கட்டாமல் ப்ரொஜெக்டரைத் தாங்கும் தகட்டில் கட்டுங்கள். பொய்க்கூரைக்கு மேல் போகும் பகுதியையும் பைப்பிலேயே விடுங்கள், பைப் வாயை அடைத்துவிடுங்கள். எலிக்கு 4கே கேபிள் என்றும் ஃபைபர் என்றும் பேதம் கிடையாது.

எர்த் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் போர்ட் தளர்வதைவிடக் கருகிப் போவது செலவு. இரண்டு முள் பிளக் வைத்த செட்டாப் பாக்ஸின் உலோகப் பகுதியைத் தொட்டால் சில வீடுகளில் சுருக்கென்று இருக்கும். எர்த் இல்லாத பெட்டியின் உடல், உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக மெயின்ஸ் வோல்டேஜில் பாதி அளவுக்கு, அதாவது நூறு வோல்ட்டுக்கு மேல், மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் நமக்கு ஆபத்தில்லை. ஆனால் கரண்ட் இருக்கும்போது பிளக்கைச் சாய்வாகச் செருகி, உலோகக் கூடு தொடும் முன் ஏதாவது ஒரு பின் தொட்டுவிட்டால் அந்த மின்னழுத்தம் டிவியின் சில்லுக்குள் இறங்கும். எச்டிஎம்ஐயைக் கரண்டோடு செருகலாம் என்று விதி சொல்கிறது. நம் வீட்டு வயரிங் அந்த விதியைப் படிக்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டே செருகுங்கள், மூன்று முள் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே ஸ்பைக் கார்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும்.

இடி மின்னலின்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. கம்பத்திலிருந்து வரும் கேபிள் டிவி வயரோ, மாடியில் இருக்கும் டிஷ் வயரோ மின்னலுக்கு நல்ல வழி. அது செட்டாப் பாக்ஸில் நுழைந்து, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்து சவுண்ட்பாருக்கும் போகும். அந்தக் கோஆக்ஸ் வயரை மின்னல் தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் போர்ட்டின் உலோகக் கூடு மங்கிப் பச்சை பூக்கும், தொடர்பு பலவீனமாகும். எல்லாவற்றையும் அணைத்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை பிளக்கின் மேல் கொஞ்சம் அடித்து, இரண்டு மூன்று தடவை செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுங்கள். உப்புத்தாள், ஊசி, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பயன்படாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போட்டுவிடுங்கள், சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஆடினால், எந்தக் கேபிளைச் செருகினாலும் ஆடினால், போர்ட் போய்விட்டது. அதை விட்டுவிட்டு வேறு போர்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம். சவுண்ட்பாருக்குப் போவது மட்டும் ஏஆர்சி அல்லது ஈ-ஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்க வேண்டும், சத்தம் திரும்பி வரும் வழி அதில் மட்டும்தான் உண்டு. கெட்டது அதுவேதான் என்றால், சவுண்ட்பாரில் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் சத்தத்தை அந்த வழியில் எடுத்துச் சமாளிக்கலாம். பழுது பார்ப்பவரிடம் போனால் 'போர்டு மாற்ற வேண்டும்' என்று சொன்னதும் ஒப்புக்கொள்ள வேண்டாம். போர்ட்டை மட்டும் மாற்றி ஈயம் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மொபைல் போர்டு வேலை செய்பவர்களிடம் இதற்கான சூடுகாற்றுக் கருவியும் மைக்ரோஸ்கோப்பும் இருக்கும். போடும் புதுப் போர்ட்டின் உலோகக் கூட்டுக்குப் போர்டைத் துளைத்து இறங்கும் கால்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள், அந்தக் கால்கள் ஒவ்வொன்றிலும் ஈயம் நிறையப் பாய வேண்டும் என்றும் சொல்லுங்கள். இழுப்பைத் தாங்குவது அவைதான், 19 பின்களின் மெல்லிய ஈயம் இல்லை.